பழைய மோட்டார் சைக்கிள் கேள்வி – பதில்: மலைப்பாதையில் எஞ்சின் ஏன் கொதிக்கிறது?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, என்னிடம் 1989ஆம் ஆண்டு புல்லட் 350 இருக்கிறது. வார்ப்பிரும்பு சிலிண்டர், பாயிண்ட் இக்னிஷன், மிக்கார்ப் கார்புரேட்டர். வீட்டிலிருந்து கடைவீதிக்கும் வெலிங்டனுக்கும் மட்டும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பிளக் அடிக்கடி கரி பிடித்தது. காலையில் கறுப்புப் புகையும் வந்தது. சென்ற மழைக்காலத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். மலையில் காற்று மெலிசு, பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்று சொல்லி, பெட்ரோல் வரும் முக்கியத் துளையான மெயின் ஜெட்டைச் சிறியதாக மாற்றி, பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியான நீடிலையும் ஒரு படி இறக்கிக் கொடுத்தார்கள். புகை குறைந்தது. இப்போது அடிக்கடி மேட்டுப்பாளையம் போய்வர வேண்டியிருக்கிறது. திரும்பி வரும்போது கல்லாறு தாண்டி ஏறத் தொடங்கியதுமே எஞ்சின் மிகவும் சூடாகிவிடுகிறது. பர்லியாறு வருவதற்குள் இழுவை குறைந்து, ஆக்சிலேட்டரைத் திருகினால் கிணுகிணுவென்று தட்டும் சத்தம் கேட்கிறது. ஒருமுறை வண்டி நின்றேவிட்டது. நன்றாக ஆறிய பிறகுதான் கிளம்பியது. புகை வெளியேறும் பெண்டு பைப் எஞ்சினை ஒட்டிய இடத்தில் நீலம் பாய்ந்திருக்கிறது. ஊட்டிக்கு ஏறும்போது இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. ஆயில் பம்ப் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக்; சிலிண்டரின் உட்சுவரான போர் தேய்ந்துவிட்டது என்கிறார் மற்றொருவர். நான் என்ன செய்வது?
– வாசகர், அருவங்காடு

பதில்: எஞ்சினை இப்போது பிரிக்க வேண்டாம். தங்கள் கடிதத்திலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. சூடு கார்புரேட்டரை மாற்றிய பிறகு தொடங்கியிருக்கிறது. மலையின் கீழ்ப்பாதியில் கடுமையாகவும் மேல்பாதியில் குறைவாகவும் இருக்கிறது. அதோடு தட்டும் சத்தமும் நீலம் பாய்ந்த பைப்பும் சேர்ந்திருக்கின்றன. ஆயில் பம்ப் பழுதடைந்திருந்தால் அது பர்லியாற்றுக்கு ஒரு நியாயம், கேத்திக்கு ஒரு நியாயம் என்று பார்க்காது. ஊட்டி ஏற்றத்திலும் அதே சூட்டைக் காட்டியிருக்கும். போர் தேய்ந்த எஞ்சின் நீலப் புகை விடும், ஆயிலைக் குடிக்கும், இழுவை எல்லா இடத்திலும் குறையும். தாங்கள் எழுதியிருப்பவை பெட்ரோல் போதாமல், மெலிந்த கலவையில் எரியும் எஞ்சினின் அடையாளங்கள்.

கார்புரேட்டர் என்பது ஒரே ஒரு துளை வழியாகப் பெட்ரோலை விடும் கருவி அன்று. ஆக்சிலேட்டரை மிகக் குறைவாகத் திறந்திருக்கும்போது பைலட் ஜெட் என்ற சிறிய துளையும் அதற்கான காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவும் கலவையைத் தீர்மானிக்கின்றன. கால்பங்கு முதல் முக்கால்பங்கு வரை திறந்திருக்கும்போது நீடில். அதற்கு மேல் திருகினால் மெயின் ஜெட். வீட்டிலிருந்து கடைவீதிக்குப் போகும் வண்டி பெரும்பாலும் பைலட் ஜெட்டில்தான் ஓடுகிறது. மெயின் ஜெட்டுக்கு அங்கே வேலையே இல்லை. அந்தக் குறுகிய ஓட்டத்தில், நீலகிரியின் குளிர்ந்த காலையில், சோக்கை இழுத்துக் கிளப்பி, எஞ்சின் சூடேறுவதற்குள் வண்டியை நிறுத்திவிட்டால் எந்த வண்டியின் பிளக்கும் கரி பிடிக்கத்தான் செய்யும். மழைக்காலத்தில் ஈரத்தோடு தூசி சேர்ந்து அடைத்த ஏர் ஃபில்டரும் அதற்குத் துணை செய்யும். ஆக, கரி பிடித்தது ஓர் இடத்தில். பட்டறையில் பெட்ரோலைக் குறைத்தது மற்றோர் இடத்தில். சோக்கினாலும் பைலட்டினாலும் வந்த புகைக்காக, மலையேறும்போது பயன்படும் நீடிலையும் மெயின் ஜெட்டையும் பட்டினி போட்டிருக்கிறார்கள். நீடில் இறங்கியதில் கரி சற்றுக் குறைந்திருக்கலாம். அதற்கான விலையைக் கல்லாறு ஏற்றத்தில் தங்கள் பிஸ்டன் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மலையில் காற்று மெலிசு என்று பட்டறையில் சொன்னது உண்மைதான். ஆனால் தாங்கள் மலையில் மட்டும் ஓட்டவில்லை. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கடல்மட்டத்துக் காற்றின் அடர்த்தியை 100 என்று வைத்தால், மேட்டுப்பாளையத்தில் அது ஏறத்தாழ 97, குன்னூர் உயரத்தில் 83, ஊட்டியில் 80. நம்முடைய பழைய கார்புரேட்டருக்குக் காற்றை எடை போடத் தெரியாது. உள்ளே பாயும் காற்றின் வேகத்தைக் கொண்டே அது பெட்ரோலை உறிஞ்சித் தருகிறது. அதனால் குன்னூர் உயரத்தில் சரியாக இருக்கும்படி அமைத்த கலவை, அதே ஜெட்டோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியதும் ஏறத்தாழ 8 சதவீதம் மெலிந்துபோகிறது. அருவங்காட்டிலேயே சற்று மெலிதாக அமைத்திருந்தால், கீழே அது ஆபத்தான அளவை எட்டிவிடும். ஊட்டி ஏற்றத்தில் தொல்லை குறைவாக இருப்பதற்குக் காரணமும் இதுவே.

இத்துடன் இன்றைய பெட்ரோலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், தூய பெட்ரோல் முழுமையாக எரிய 1 கிலோவுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று தேவையென்றால், இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 கிலோ போதும். எத்தனால் இல்லாத காலத்துப் பெட்ரோலுக்கென்று தொழிற்சாலையில் பொருத்திய ஜெட், இன்று எதையும் தொடாமலேயே சில சதவீதம் மெலிந்த கலவையைத்தான் தருகிறது. அதையும் சிறியதாக்கினால் என்ன ஆகும் என்பதைத் தாங்கள் பார்த்துவிட்டீர்கள். 1980களில் வந்த வண்டிகளை வைத்திருப்போர் அனைவரும், சமவெளியிலேயே ஓட்டினாலும், இந்த ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவதாக, அந்தப் பாதையே கடுமையானது. கல்லாற்றுக்கு மேல் கொண்டை ஊசி வளைவுகளில் லாரிக்கும் பேருந்துக்கும் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது எஞ்சின் முழு உழைப்பைக் கொடுக்கிறது. ஆனால் சூட்டை வெளியேற்றும் தகடுகளான சிலிண்டர் ஃபின்களின் மேல் படும் காற்றோ சைக்கிள் வேகத்துக் காற்றுதான். பிற்பகலில் ஏறுவதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். வெயிலில் சூடான காற்று பள்ளத்தாக்கு வழியாக மேல்நோக்கி ஏறுவதால், அது தங்கள் முதுகுப்புறமாக, வண்டி போகும் திசையிலேயே வீசும். முகத்தில் காற்றே படாதது போல் தோன்றும் அந்த நேரத்தில் ஃபின்களுக்கும் காற்று கிடைப்பதில்லை. பழுது தீரும்வரை அதிகாலையிலேயே ஏறிவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நேரே கார்புரேட்டரில் கை வைக்காதீர்கள். சூட்டுக்கு வேறு காரணமும் கூடவே ஒளிந்திருந்தால், அதன்மேல் ஜெட்டை மாற்றிக் கணக்குப் பார்ப்பது வீண். முதலில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். முன்சக்கரத்தையும் தூக்கிச் சுற்றுங்கள். பிரேக் ஷூ உரசிக்கொண்டிருந்தால் எஞ்சின் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மலை ஏறுகிறது என்று பொருள். சங்கிலி அளவுக்கு மேல் விறைப்பாக இருப்பதும், ஏற்றத்தில் கிளட்ச் நழுவுவதும் இதே வகைதான். அடுத்து, வண்டி நின்றுபோன அன்று பெட்ரோல் வருவது தடைப்பட்டதா என்பதையும் விலக்கிவிட வேண்டும். டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை துருவாலோ பாலிஷ் மெழுகாலோ அடைத்திருந்தால், சற்றுத் தூரம் ஓடியதும் டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. அப்படிப்பட்ட வண்டியும் ஆறிய பிறகு கிளம்பும். பார்ப்பவர் சூட்டினால் நின்றது என்றே நினைப்பார். அடுத்த முறை நின்றால் முதலில் மூடியைத் திறவுங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டால் குற்றவாளி அதுதான். எஞ்சின் ஆறியிருக்கும்போது வீட்டில் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்து, தடையில்லாமல் சீராக விழுகிறதா என்று பார்ப்பதும் நல்லது. பெட்ரோல் டேப்பின் உள்ளே இருக்கும் வலை, துருவோடு சேர்ந்து அடைத்துக்கொள்வது பழைய டேங்குகளில் சாதாரணம்.

கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இணைப்பில் காற்று கசிந்தாலும் கலவை மெலியும். கார்புரேட்டர் ஃபிளாஞ்சை அளவுக்கு மீறி இறுக்கியவர்களின் கைவண்ணத்தால் அது வளைந்திருப்பதைப் பழைய புல்லட்டுகளில் நிறையவே பார்க்கிறேன். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றிச் சிறிது எஞ்சின் ஆயிலைத் தடவுங்கள்; ஓட்டத்தின் சத்தம் மாறினால் அங்கே கசிவு இருக்கிறது. சிலர் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான எஞ்சினில் அந்த வேலை வேண்டவே வேண்டாம். கசிவு இருந்தால் ஃபிளாஞ்சைக் கண்ணாடியின் மேல் வைத்த உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்தி, வெப்பம் கடத்தாத அந்தக் கறுப்புத் தகட்டையும் புதிய கேஸ்கெட்டையும் வைத்து, இரு நட்டுகளையும் மாற்றி மாற்றி மிதமாக இறுக்கினால் போதும்.

பெண்டு பைப் நீலம் பாய்வதற்கு மெலிந்த கலவை மட்டுமே காரணம் அன்று. பொறி விழும் நேரமான டைமிங் பின்தங்கியிருந்தாலும் அப்படி ஆகும். பொறி தாமதமாக விழுந்தால், சிலிண்டருக்குள் எரிந்து முடிய வேண்டிய கலவை எக்ஸாஸ்ட் வால்வு திறந்த பிறகும் எரிந்துகொண்டே வெளியேறுகிறது. அந்த நெருப்பை ஹெட்டும் பைப்பும் தாங்க வேண்டியிருக்கிறது. பொறியை விழவைக்கும் சுவிட்சான பாயிண்ட்டின் நார்க்கட்டை தேயத் தேய இடைவெளி குறைந்து, பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். அதனால் யாரும் தொடாமலே டைமிங் பின்தங்கிப்போகும். எனவே பாயிண்ட் இடைவெளியை முதலில் 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்து, அதற்குப் பிறகே டைமிங்கைக் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிபார்க்க வேண்டும்; வரிசையை மாற்றினால் செய்த வேலை வீணாகும். பாயிண்ட் தட்டுக்கு அடியில், வேகம் கூடும்போது பொறியை முன்கூட்டியே விழவைக்கும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகளையும் மறக்கக்கூடாது. நீலகிரியின் ஈரத்தில் அவற்றின் ஊசிகள் துருப்பிடித்து, எடைகள் விரியாமல் ஒட்டிக்கொள்ளும். பாயிண்ட்டைத் திறக்கும் கேமை விரலால் திருப்பிவிட்டால் ஸ்பிரிங்கின் இழுப்பில் தானாகத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால், எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பொறி பின்தங்கியே விழுகிறது. அப்போது கார்புரேட்டரை எத்தனை முறை மாற்றினாலும் சூடு குறையாது.

வால்வு இடைவெளியைத் தீர்மானிக்கும் டேப்பெட்டை எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். வால்வைத் திறக்க உதவும் கம்பியான புஷ் ராட் இரு விரல்களால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. கிளப்பும்போது எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கும் டிகம்ப்ரஷரின் கேபிளில் சிறிதளவு தளர்வு இருக்கிறதா என்பதையும் கையோடு பாருங்கள். அது விறைப்பாக இருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு முழுமையாக மூடாது. மூடாத வால்வு தன் சூட்டை, தான் அமரும் உலோக வளையத்துக்குக் கொடுக்க முடியாமல் கருகிப்போகும். இரண்டு நிமிட வேலை. ஆனால் இதைப் பார்க்காமல் ஹெட்டையே கழற்றியவர்கள் உண்டு.

இவையெல்லாம் சரியாக இருந்தால், மெயின் ஜெட்டைத் தொழிற்சாலை அளவுக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். நீடில் கிளிப்பை ஒரு காடி கீழே மாற்றுங்கள். கிளிப் இறங்கினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். பிறகு ஆட்கள் நடமாட்டம் இல்லாத காலை நேரத்தில் கல்லாற்றுக்கு மேல் நேரான ஏற்றம் ஒன்றில், ஓரம் கட்ட அகலமான இடம் இருக்கும் பகுதியாகப் பார்த்து, மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை நன்றாகத் திறந்து சிறிது தூரம் ஏறி, கிளட்ச்சைப் பிடித்த அதே நொடியில் சாவியை அணைத்து ஓரமாக நிறுத்துங்கள். ஏற்றமாக இருப்பதால் வண்டி உடனே நின்றுவிடும். இந்தச் சோதனையை இறக்கத்தில் ஒருபோதும் செய்யக்கூடாது. கையுறை போட்டுக்கொண்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈயம் கலக்காத பெட்ரோலில் பீங்கானின் நுனி வெளிறித்தான் இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாமல், பீங்கான் உள்ளே போய் உலோகத்தைத் தொடும் அடிப்பகுதியில் பழுப்பு வளையம் ஒன்று தெரிகிறதா என்று கவனியுங்கள். வளையமே இல்லாமல் அடிவரை சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை இன்னும் ஒரு படி பெரிதாக்க வேண்டும். பீங்கானில் மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகளோ மினுக்கும் அலுமினியத் துகள்களோ இருந்தால் அன்றைக்கு மேலே ஏறாதீர்கள். பிஸ்டனின் தலை உருகத் தொடங்கியிருக்கிறது.

இப்படி அமைத்தால் அருவங்காட்டில் கலவை சற்றுச் செறிந்ததாகவே இருக்கும். இருக்கட்டும். மேலே சிறிது பெட்ரோல் கூடுதலாகச் செலவாவதும் பிளக்கை அவ்வப்போது துடைப்பதும் பிஸ்டன் வாங்குவதைவிட மலிவு. பழைய புகைத் தொல்லைக்குச் சோக்கை அரை நிமிடத்துக்குள் தள்ளிவிடுவதும், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்வதும், ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே திறப்பதும் போதும்.

ஆயில் பம்ப் பற்றிய ஐயம் தீர வேண்டுமானால் அதற்கும் எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, வால்வுகளை அழுத்தும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் மேல் போல்ட்டைச் சற்றே தளர்த்தினால் ஆயில் கசிந்து வர வேண்டும்; வந்தால் ஆயிலைத் திருப்பி அனுப்பும் பம்ப் வேலை செய்கிறது. ஆயில் அளவை நீண்ட நாள் நின்ற வண்டியில் பார்க்காதீர்கள். ஆயில் டேங்கில் இருக்கும் ஆயில் மெல்ல எஞ்சினின் அடியில் இறங்கிவிடுவதால் குறைவாகக் காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றினால், கிளப்பியதும் காற்றுப்போக்கியான பிரீதர் வழியாகக் கக்கும். சில நிமிடங்கள் ஓட்டிய பிறகு பார்ப்பதே சரி.

கேள்வி: ஐயா, என்னுடைய எஸ்டி (Yezdi) 250 மோட்டார் சைக்கிள் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பாதி வழியில் திடீரென்று பின்சக்கரம் இறுகி நின்றுவிட்டது. ஏறும்போது நன்றாகத்தான் வருகிறது. இறங்கும்போது எஞ்சினுக்கு வேலையே இல்லையே, அப்போது எப்படிச் சூடாகும்? இனி ஆயிலைக் கூடுதலாகக் கலக்கலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: தங்களுக்குக் காயம் எதுவும் ஏற்படவில்லை என்று நம்புகிறேன். இனி அந்த வண்டியில் இறங்கும்போதெல்லாம் இடக்கையின் விரல்கள் கிளட்ச்சின் மேலேயே இருக்கட்டும். இறுகும் அறிகுறி தெரிந்த நொடியில் பிடித்துவிட்டால் சக்கரம் விடுபடும்.

தங்கள் வண்டியின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனி ஆயில் பம்ப் கிடையாது. மைசூரில் தயாரான எஸ்டியில், பெட்ரோலோடு கலந்து போகும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். தாங்கள் ஆக்சிலேட்டரை முழுவதும் மூடிவிட்டு இரண்டாம் கியரில் எஞ்சின் பிரேக்கில் இறங்கும்போது, எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது. ஆனால் பெட்ரோல் ஏறக்குறைய போவதில்லை. பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது. சுவரில் ஒட்டியிருந்த ஆயில் தீர்ந்ததும் பிஸ்டன் காய்ந்த சிலிண்டரில் உரசிச் சூடாகிப் பிடித்துக்கொள்கிறது. நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு நல்ல பழக்கமான எஞ்சின் பிரேக், இதற்கு அளவோடுதான் பொருந்தும். தீர்வு எளிது. இறக்கத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் நடுவில் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை ஒருமுறை நன்றாகத் திருகி விடுங்கள்; அந்த ஒரு மடக்கில் தேவையான ஆயில் உள்ளே போய்விடும். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குவது தீர்வாகாது. எஸ்டியின் டிரம் பிரேக்குகள் கோத்தகிரி இறக்கம் முழுவதையும் தனியாகத் தாங்கமாட்டா.

ஆயிலைக் கூட்டுவது தாங்கள் நினைப்பதற்கு மாறான விளைவையும் தரலாம். ஜெட் வழியாகப் போகும் திரவத்தில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது. கலவை மெலிந்து சூடு ஏறுகிறது. 25-க்கு 1 என்ற விகிதம் என்றால் 1 லிட்டருக்கு 40 மி.லி. கையேட்டில் சொன்ன விகிதத்தை அளவு குவளையால் அளந்து, தனிக் கேனில் குலுக்கிக் கலந்தே ஊற்றுங்கள். டேங்கில் நேரே ஊற்றி வண்டியை ஆட்டுவது போதாது. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நின்ற வண்டியாக இருந்தால் பழைய பெட்ரோலை வடித்துவிடுவது இன்னும் முக்கியம். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்துவிடும். அந்த அடி நீரில் ஆயில் இருக்காது, டேப்பைத் திறந்ததும் முதலில் கார்புரேட்டருக்குப் போவதும் அதுதான்.

இவற்றுக்குப் பிறகும் சூடு தொடர்ந்தால், ஆக்சிலேட்டரை மூடியதும் எஞ்சின் வேகம் உடனே இறங்குகிறதா என்று கவனியுங்கள். இறங்காமல் சற்று நேரம் கத்திக்கொண்டே இருந்தால் கிராங்க் ஆயில் சீல் வழியாகக் காற்று உள்ளே வருகிறது. சீலை மாற்றியே ஆக வேண்டும். இரு சைலன்சர்களின் உள்குழாய்களிலும் கரி அடைத்திருந்தால் அதையும் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது பழைய புல்லட் சூடானால், வழியில் நிறுத்தி ஐட்லிங்கில் விட்டுச் சிலிண்டரில் தண்ணீர் ஊற்றலாம் என்கிறார் நண்பர். இன்னொருவர் கெட்டியான ஆயிலும் ஆயில் கூலரும் போடச் சொல்கிறார். எது சரி?
– வாசகர், பெருமாள்மலை

பதில்: எதுவும் சரியன்று. சூடான வார்ப்பிரும்பின் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஃபின் விரிசல் விடும், ஹெட் கோணிக்கொள்ளும். நின்ற இடத்தில் ஐட்லிங்கில் விட்டால் ஃபின்களில் காற்றே படாது. சூடு ஏறத்தான் செய்யும். எஞ்சினை அணைத்து, காற்று வீசும் பக்கம் வண்டியின் முகத்தைத் திருப்பி நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். கையேடு 20டபிள்யூ-50 என்று சொன்னால் அதையே ஊற்றுங்கள். அதைவிடக் கெட்டியான ஆயில், கொடைக்கானல் குளிரில் காலையில் கிளப்பும்போது ராக்கரைச் சென்று சேரவே தாமதமாகும். அந்தச் சில நொடிகளில் ஏற்படும் தேய்மானம் பெரிது. சரியான டைமிங்கும் சரியான கலவையும் உள்ள 346 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு ஆயில் கூலர் தேவையில்லை. பழுதுள்ள எஞ்சினில் அது பழுதை மூடிமறைக்கும்.

கூலருக்கு ஆகும் பணத்தை மிச்சப்படுத்திவிட்டு, கிராஷ் கார்டில் கட்டிய பை, கூடுதல் விளக்கு, பெரிய ஹாரன் ஆகியவை சிலிண்டருக்குப் போகும் காற்றை மறைக்கின்றனவா என்று பாருங்கள். ஃபின்களின் இடுக்கில் செம்மண்ணும் ஆயிலும் சேர்ந்து காய்ந்த அடை இருந்தால் மரக்குச்சியும் மண்ணெண்ணெயும் கொண்டு எடுத்துவிடுங்கள். அழகுக்காகக் கனமான பளபளப்புப் பெயிண்ட்டை அடுக்கடுக்காக அடித்திருந்தால் அதைச் சுரண்டிவிட்டு, மெல்லிய கறுப்பு மேட் பெயிண்ட் ஒரே பூச்சு அடித்தால் போதும்.

கேள்வி: சூட்டைத் தொடாமல் அளக்கும் துப்பாக்கி வடிவத் தெர்மாமீட்டர் வாங்கினேன். நடுவட்டம் ஏறி வந்து ஹெட்டில் பிடித்தால் 90 டிகிரி காட்டுகிறது, சிலிண்டரில் 160. ஹெட் எப்படிக் குறைவாக இருக்கும்?
– வாசகர், கூடலூர்

பதில்: ஹெட் குறைவாக இல்லை, கருவி ஏமாறுகிறது. அது மேற்பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களை வைத்துக் கணக்கிடுகிறது. பளபளக்கும் அலுமினியம் அக்கதிர்களை மிகக் குறைவாகவே வெளியிடும். கறுத்த வார்ப்பிரும்பு நிறைய வெளியிடும். பிளக்குக்கு அருகில் ஹெட்டில் நாணய அளவுக்கு வெப்பம் தாங்கும் கறுப்பு மேட் பெயிண்ட் அடித்து, எப்போதும் அந்தப் பொட்டிலேயே, நெருங்கிப் பிடித்து அளந்து பாருங்கள். நீண்ட ஏற்றத்துக்குப் பிறகு அங்கே 150 முதல் 200 டிகிரி வரை இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. 230-ஐத் தாண்டினால் வண்டியை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். ஒரே ஒரு தடவை எடுத்த எண்ணைவிட, ஒரே இடத்தில், ஒரே ஏற்றத்தின் முடிவில் குறித்து வைத்த எண்கள் மெல்ல உயர்கின்றனவா என்பதே பயன் தரும் செய்தி.

கேள்வி: புல்லட்டுக்குப் புதிதாகப் போர் அடித்துப் பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறேன். குன்னூரில் எங்கு போனாலும் ஏற்ற இறக்கம்தான். எப்படிப் பக்குவமாக ஓட்டுவது?
– வாசகர், குன்னூர்

பதில்: 70 மி.மீ. அலுமினிய பிஸ்டன் 100 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.16 மி.மீ. விரியும், வார்ப்பிரும்பு சிலிண்டர் அதில் பாதியே விரியும். புதுப் போரில் இடைவெளி குறைவாக இருப்பதால் சூடு ஏறிய வேகத்தில் இடமில்லாமல் போகும். ஆகவே முதல் 500 கிலோமீட்டருக்கு மேட்டுப்பாளையம் பாதையைத் தவிர்த்துவிடுங்கள். குன்னூர்–ஊட்டி சாலையில், பின்னால் ஆள் ஏற்றாமல், ஒரே வேகத்தில் நிலைநிறுத்தாமல், ஆக்சிலேட்டரைத் திறந்தும் மூடியும் ஓட்டுங்கள். ஏற்றத்தில் உயர் கியரில் திணறவிடுவது, கீழ் கியரில் சற்று வேகமாகச் சுற்றவிடுவதைவிடக் கெடுதலானது. வெலிங்டனிலோ கேத்தியிலோ நிறுத்தி, கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறவிட்டுத் தொடருங்கள்.

எஞ்சின் ஓட்டத்தில் திடீரென்று மந்தம் தெரிந்தால் உடனே கிளட்ச்சைப் பிடித்துவிட வேண்டும். அப்படிப் பிடித்துக்கொண்டுவிட்டால், போரைத் திறக்கும்போது பிஸ்டனில் கீறல் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்: சுற்றிலும் நான்கு மூலைகளில் இருந்தால் போர் இறுக்கம், எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் இருந்தால் கலவையோ டைமிங்கோ. 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, ஃபில்டரையும் மாற்றி, எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மீண்டும் ஒருமுறை குறுக்கு வரிசையில் இறுக்கி, டேப்பெட்டைச் சரிபார்த்துவிட்டு, அதன் பிறகு பர்லியாறு பக்கம் இறங்குங்கள்.